பேர் சொல்லாத மருந்து

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. என் கல்லீரலில் கட்டி. 'ஈரக்குலை நடுங்குது' என்று பேச்சுக்குச் சொல்லுவோம் இல்லையா, அன்றைக்கு எனக்கு நிஜமாகவே நடுங்கியது.

கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுக்கலாம் என்றார் அறுவை டாக்டர். வெட்டும்போது ரத்தம் கொட்டாமல் இருக்க, கல்லீரலுக்கு வரும் குழாயைக் கொஞ்ச நேரம் கவ்விப் பிடிப்பார்களாம், பிறகு விடுவார்கள், மறுபடி பிடிப்பார்கள். இஸ்கீமியா (உறுப்புக்கு ரத்தம் போய்ச் சேராத நிலை) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"மடைய அடைச்சா பயிர் வாடும். ஒரேயடியா தெறந்தா வரப்பு உடையும். ரெண்டையும் தாங்குற ஈரல் வேணும்மா. ஆபரேஷன் முடியிற வரைக்கும் நான் சொல்லாத எதையும் குடிச்சிராதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால், என்னைப் பார்த்துக்கொள்ள ஏரல் ஊரில் இருந்து மைனி வந்திருந்தாள். என் கணவரின் அக்கா. ஒரு துரும்பை எடுக்க விடமாட்டாள். காலையில் வெறும் வயிற்றுக்கு ஒரு பச்சைச் சாறு கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னது மைனி இது?"

"கேக்கப்பிடாதுட்டி. பேரு சொன்னா மருந்து பலிக்காது. கண்ண மூடிக்கிட்டு குடி."

எங்கள் பக்கம் ஈரல் என்றாலே காமாலை. காமாலை என்றாலே பச்சிலை.

டாக்டர் வேண்டாம் என்றதைச் சொல்லிப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கணவரிடம் சொன்னேன். "அக்கா ஒனக்காகத்தான வந்திருக்கா? மனசு நோகும்லா" என்றார். வந்த ஆத்திரத்துக்கு டம்ளரைச் சுவரில் எறிந்திருப்பேன். எறியவில்லை. தினமும் அவள் என் எதிரிலேயே நின்று, தொண்டையில் இறங்கும்வரை பார்ப்பாள். எழுந்து போக எங்கே இடம்?

அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்சைம் (ஈரல் புண்பட்டால் ரத்தத்தில் கசிவது) எகிறியிருந்தது. டாக்டர் விசாரிக்க, சொல்லிவிட்டேன். மைனியிடம் மருந்தின் பெயர் கேட்டார். அவளுக்கே தெரியவில்லை, சாறு கொடுத்தனுப்பிய நாட்டு வைத்தியர் அவளிடமும் சொல்லவில்லையாம்.

"பேரே தெரியாத மருந்த நான் எப்படிம்மா முறிக்க? இந்த ஈரல் ரத்தத்த நிறுத்துனா தாங்காது. ஆறட்டும்" என்று தேதியைத் தள்ளிவைத்தார்.

ஈரல் ஆறக் காத்திருந்தோம். கட்டி காத்திருக்கவில்லை. அறுத்தபோது முதலில் சொன்னதைவிட அதிகமாக எடுக்க வேண்டி வந்தது. மிஞ்சிய துண்டு பிழைக்குமா என்று தெரியாமல், கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். பைய பையத் தெளிந்தது. கல்லீரல் திரும்ப வளரக்கூடியது; என்னுடையதும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும், எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும், முதலில் டாக்டர் காதில் போட்டுவிடுங்கள்.

இப்போது வலது விலாவுக்குக் கீழே கை வைத்துத்தான் தூங்குகிறேன். அடுத்த வருஷம் என்று யாராவது பேசினால் மனதில் ஏறுவதில்லை. அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் எனக்குக் காலம்.

வீடு திரும்பிய பின் ஒரு மத்தியானம் மைனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னாலதானட்டி கூட வெட்டிட்டாவ?"

'இல்ல மைனி' என்று சொல்லித்தான் என் நாக்குக்குப் பழக்கம்.

"ஆமா மைனி" என்றேன்.

அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவளும் எழுந்து போகவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "குடிக்க என்னட்டி வேணும்?" என்றாள்.

அந்த வீட்டில் அப்படியொரு கேள்வியை என்னிடம் ஒருத்தர் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.