நூறு புளியங்கொட்டைகள்

நான் சம்பளத்துக்குப் பேஸ்பால் எறிந்தவன் என்றால் எங்கள் மலையில், புதூர்நாட்டில், இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். ஓர் ஆலையின் அணியில் பதினோரு வருடம் எறிந்தேன். முதலில் இறங்குபவன் அல்ல. எறிகிறவன் களைத்த பிறகு உள்ளே அனுப்பப்படுபவன். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே தோள் வலித்தது. வலிக்கிறதா என்று பயிற்சியாளர் கேட்டார். இல்லை என்றேன். அன்று எத்தனை எறிந்தேன் என்று யாரும் எண்ணவில்லை. அதன்பின் என் வலது கை காதுக்கு மேலே ஏறியதில்லை. சட்டை மாட்டிவிட மனைவி வேண்டும்.

அதனால் மலைப் பெண்களுக்குப் பயிற்சியாளரானதும் எண்ணத் தொடங்கினேன். ஓர் ஆட்டத்தில் ஒருத்தி எழுபது முறைதான் எறியலாம். கால்சட்டையின் வலப்பையில் நூறு புளியங்கொட்டை இருக்கும். ஓர் எறிக்கு ஒன்று இடப்பைக்குப் போகும்.

சென்ற ஆண்டு திருப்பத்தூரில் ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. அன்று வீட்டில் பச்சைக் கொட்டை தீர்ந்துபோயிருந்ததால், மனைவி கொறிக்க வறுத்து வைத்திருந்ததில் நூறு எண்ணி எடுத்துப்போனேன். கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டம் முன்னிலையில் இருந்தோம். அப்போதுதான் என் வாய் அசைவதைக் கவனித்தேன்.

இரண்டு பைகளையும் எண்ணினேன். இடப்பையில் அறுபது, வலப்பையில் இருபத்துமூன்று. பதினேழு வயிற்றில். எந்தப் பையிலிருந்து தின்றேன்? வலப்பை என்றால் எங்கள் எறிகிறவள் எறிந்தது அறுபது. இடப்பை என்றால் எழுபத்தேழு.

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மைதானத்துக்குள் போனேன். விஷயத்தைச் சொன்னதும் பந்து பிடிப்பவள் முகமூடியைத் தூக்கினாள்.

"இன்னா சார், கணக்கையே முழுங்கிட்டீங்களா?"

எறிகிறவள் சிரிக்கவில்லை.

"வலிக்குதாம்மா?" என்றேன்.

"இல்ல சார். இன்னும் ரெண்டே பேரு அவுட்டாவணும். முடிச்சிட்டு வர்றேன்."

அந்த 'இல்ல' எனக்குத் தெரிந்த 'இல்ல'. பந்துக்காகக் கையை நீட்டினேன்.

"நீங்க தின்னதுக்கு நான் வெளிய போவணுமா?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆனாலும் கையை மடக்கவில்லை. பந்தை என் உள்ளங்கையில் அழுத்தி வைத்துவிட்டுப் போனாள். மாற்றாக இறங்கியவள் இரண்டு ஓட்டம் கொடுத்தாள். தோற்றோம்.

திரும்பும்போது ஜீப் நிறைந்திருந்தது. நான் வெளியே எடுத்தவளுக்கு உட்கார இடம் இல்லை. பின்னால் நின்றபடி மேல் கம்பியை வலது கையால் பிடித்திருந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மலைப்பாதையில் ஒன்பது வளைவு. கை இறங்கவே இல்லை.

"கைய மாத்திப் புடியேன்மா," என்றேன்.

அவள் கையை மாற்றவில்லை.

"வலிச்சா சொல்றேன் சார்," என்றாள். "நெஜமாவே சொல்றேன். நீங்க முன்னால பாத்து உக்காருங்க."