ஓசி பாய் என்று அழைத்தவர்களுக்கு

ஜப்பார் பாய் இறந்த செய்தி எங்கள் பனியன் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங்குக்கும், நீலத் துணிக்கு, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்ற தகவலுக்கும் நடுவில். ‘நம்ம ஓசி பாய் இன்று காலை மாரடைப்பால் காலமானார்’ என்று நிர்வாகப் பிரிவிலிருந்து போட்டிருந்தார்கள். செத்த பிறகும் அந்த மனிதருக்கு அவர் பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை. கீழே மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நீலத் துணிக்கா, பாய்க்கா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் பிறந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். பிரிண்டிங் டிசைன் பிரிவு என் பொறுப்பு. வருடக்கணக்கான டிசைன்கள், கலர் அளவுகள், சாம்பிள் படங்கள் எல்லாம் குவிந்து, வைக்க இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தோம். மங்கலத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த பாய், பழைய கம்ப்யூட்டர்களைக் கோத்தே ஒரு பெரிய சேமிப்பு அமைத்துத் தருகிறேன் என்றார். கோப்புகள் எந்த ஹார்ட் டிஸ்க் வட்டில், எப்படி உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. அதை உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

“ஓப்பன் சோர்ஸ்ங்க” என்று முடித்தார்.

“ஓசிங்களா?” என்று கேட்டார் முதலாளி.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை. “ஓசி இல்லீங்க, பொது. ஓசின்னா அடுத்தவன்கிட்ட வாங்கித் திங்கறது. பொதுன்னா நாமளும் வேலை செய்யோணும்” என்றார். அதைக் காதில் வாங்க அங்கே ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும் முன் அவர் ஒரு வேலையை ஓட்டிவிட்டுப் போவார். சேமிப்பிலுள்ள அத்தனை கோப்புகளையும் அந்த மென்பொருள் ஒன்றுவிடாமல் படித்துப் பார்க்கும். சேமித்த அன்று போட்ட அடையாளத்தோடு ஒத்துவராத கோப்பு இருந்தால், வேறு வட்டிலிருக்கும் நல்ல நகலை வைத்துத் திருத்தும். அது முடிகிறவரை எங்கள் கம்ப்யூட்டர்கள் நகராது. நான் நேராகப் போய், “தொழுகைக்கு நீங்க போறீங்க, தண்டனை எங்களுக்குங்களா?” என்று கேட்டேன்.

“நம்ம செக்கிங் டேபிள் மாதிரிதாங்க அம்மணி. வட்டுல வெச்சது சும்மா இருந்தே கெட்டுப்போகும். மத்த பொட்டியெல்லாம் டேமேஜ் பீஸையும் அழகா மடிச்சுப் பாலிபேக்ல போட்டுக் குடுத்துரும். இது டேமேஜை டேமேஜ்னு சொல்லும்” என்றார்.

பதில் பிடித்திருந்தது. இருந்தாலும் கம்ப்யூட்டரிலேயே புகார்க் கடிதம் அடித்துக் கொடுத்தேன். அவ்வளவு பெரிய அறிவாளி நான்.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு சேமிப்புப் பெட்டியை வாங்கியது. டை கட்டிய ஒருவர் வந்து வாய் கிழியப் பேசினார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதாம், அதுதான் பாதுகாப்பாம். பெட்டிக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பாயையும் அவருடைய கம்ப்யூட்டர்களையும் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்குத் தள்ளினார்கள்.

அடுத்த வருடமே பெட்டி படுத்துவிட்டது. டைக்காரரைப் போனில் பிடித்தால், “உங்க டேட்டா நூறு சதவீதம் பத்திரமா இருக்கு சார். ஆனா அந்த மாடலை நிறுத்திட்டோம், திறக்க முடியாது” என்றார். இதைவிடப் பத்திரமாக நொய்யலில்கூடப் போட்டு வைக்கலாம். பழைய டிசைன் ஒன்றுக்கு மறு ஆர்டர் வந்திருந்த நேரம். என் பிரிவில் பெண்கள் அழவே தொடங்கிவிட்டார்கள்.

பாய்தான் வந்தார். யாரும் சொல்லாமலே அன்றாடம் தன் கம்ப்யூட்டர்களுக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்து வந்திருக்கிறார். எங்கள் டிசைன்கள் இருந்த கம்ப்யூட்டரே ஜெனரேட்டர் சூட்டில் கருகிக் கிடந்தது. அதன் வட்டுகளைக் கழற்றி, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் மாட்டினார். டீ ஆறுவதற்குள் எல்லா டிசைன்களும் வந்து நின்றன. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். “பூட்டுனவன் யாருமில்லீங்க அம்மணி. அப்புறம் சாவிக்கு யாரைத் தேடறது?” என்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் முதலாளி ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். உடனே போனை எடுத்ததற்காக டைக்காரருக்கும் நன்றி சொன்னார்.

வெட்கத்தோடு பாயிடம் போய், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றேன். “புகார் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபம்ங்க” என்று சிரித்தார். அப்புறம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

ஒருநாள் எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தார். பொண்ணுக்கு நிச்சயமா என்று கேட்டார்கள். அந்த மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து அவர் எழுதி அனுப்பிய பத்து வரித் திருத்தத்தை, எங்கோ இருக்கிறவர்கள் சரிபார்த்துச் சேர்த்துக்கொண்டார்களாம். “பத்து வரிக்கு மைசூர்பாவா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது துண்டையும் எடுத்தார் எங்கள் மேனேஜர். யார் ஓசி என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

“இந்தப் பொது மென்பொருளெல்லாம் இனி எப்படிங்க பாய் ஆகும்?” என்று கேட்டேன்.

“வைக்க வேண்டியது மலையாட்டம் பெருகிட்டே போகுதுங்க. பெரிய கம்பெனிக இதையே உள்ள வெச்சு, மேல அவங்க பேரை ஒட்டி வாடகைக்கு விடறாங்க. நாம தெச்ச பனியன்ல வெளிநாட்டுக்காரன் லேபிள் மாதிரி. எடுத்துக்கறது அத்தனை பேரு. உக்காந்து பழுது பாக்கறது ஒரு கை விரலுக்குள்ள. அவங்க சலிச்சு எந்திரிச்சுட்டா, அப்புறம் எல்லாரும் பூட்டுன பொட்டிக்கு முன்னால நிக்க வேண்டியதுதான்.”

அடுத்தவன் லேபிளுக்கு உழைத்தே வளர்ந்த ஊர் இது. இந்த ஊருக்குக்கூட இது புரியவில்லை என்றால் வேறு எந்த ஊருக்குப் புரியும்?

கம்பெனி வாசலில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்த அன்று எடுத்த படத்திலிருந்து பாயை வெட்டியெடுத்திருந்தார்கள். அவர் தோளுக்குப் பின்னால் மாலையோடு அந்தப் பெட்டி தெரிந்தது. முதலாளி, “பாய் நம்ம குடும்பத்துல ஒருத்தர்” என்று தழுதழுத்தார். கண்ணைத் துடைத்த கை காய்வதற்குள் மேனேஜரிடம் திரும்பி, “அந்த ஓசி சாமானையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு ரூமை பேக்கிங்குக்குக் குடுத்துருங்க. எல்லாத்தையும் வாடகை ஸ்டோரேஜ்ல ஏத்திக்கலாம்” என்றார்.

“அவங்களும் ஒரு நாள் பூட்டிட்டா யாருங்க திறப்பாங்க?” என்று கேட்டேன்.

“அப்பப் பாத்துக்கலாம்மா.”

“அன்னைக்கு பாய் இருந்தாருங்க. இனி இல்லீங்க. அவர் குடுத்த ரூம் சாவி என்கிட்ட இருக்குது, குடுக்க மாட்டேன்.”

மறு ஆர்டர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான் என்பது முதலாளிக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “சரி, கொஞ்ச நாள் ஓடட்டும்” என்று காருக்குப் போய்விட்டார். எத்தனை நாளோ தெரியாது.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சாவியும் ஒரு வெள்ளிக்கிழமை வேலையும்தான். அவர் போன பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் நானே அதை ஓட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்து வந்து, “அக்கா, சிஸ்டம் நகரவே மாட்டேங்குதுங்க. புகார் எழுதிக் குடுக்கட்டுங்களா?” என்று கேட்டாள்.

“எழுது கண்ணு, என் பேருக்கே எழுது” என்றேன்.

மாலையில் திரையில் முடிவு வந்தது. ஒரு கோப்பு கெட்டிருந்தது, சரிசெய்யப்பட்டது. என்ன கோப்பு என்று பார்த்தேன். பாய்மீது நான் எழுதிய புகார்க் கடிதம்.