அவர் வண்டியை நிறுத்திய இடம்

குகட்பள்ளியில் எங்கள் குடியிருப்புக்கு முன்னால் இருக்கும் பெரிய சாலையைக் கடந்தால்தான் பேகம்பேட்டுக்கு பஸ் பிடிக்க முடியும். அன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பிப் பாதிச் சாலை தாண்டியிருப்பேன். காய்கறி ஏற்றி வந்த சரக்கு ஆட்டோ ஒன்று என்னை இடித்துத் தள்ளியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. யார் யாரோ ஓடி வந்து தூக்கினார்கள். இடித்தவன் நிற்காமல் போய்விட்டான் என்று அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கடை ஒன்றின் கேமராவை வைத்து போலீஸ் அவனைக் கண்டுபிடித்தது. போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுகிறவன். எனக்குக் காலில் கம்பி வைத்தார்கள். வாக்கர் பிடித்து நடந்து, அப்புறம் அதையும் விட்டு, ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். ஆனால் அந்தச் சாலையைத் தனியாகக் கடக்க மட்டும் முடியவில்லை. ஓரத்தில் போய் நின்றால் கால் எழும்பாது. தினமும் என் கணவர்தான் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நீதிமன்றத்திலிருந்து தகவல் வந்தது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டானாம். என்னை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்கிறானாம். எனக்குச் சம்மதம் என்றால் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசலாம். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம், வழக்கு தன் போக்கில் நடக்கும்.

“அவன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்? கோர்ட்டு பாத்துக்கிடும்லா” என்றார் கணவர். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். மகள் இங்கேயே படித்து வளர்ந்தவள். “ஜாவ்மா. ஏன் ருக்கலன்னு பூச்சோ” என்றாள். போய், ஏன் நிற்கவில்லை என்று கேட்கச் சொல்கிறாள். எனக்கும் அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

கேட்க வேண்டியதை எல்லாம் இந்தியில் யோசித்து, குளிக்கும்போதும் சமைக்கும்போதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நல்ல காட்டமான வாக்கியங்கள்.

சமரச மையத்து அறையில் நடுத்தர வயது வக்கீலம்மா ஒருவர் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். என் பக்கத்தில் கணவர். எதிரே அவன், அவன் பக்கத்தில் மனைவி. என்னைவிடச் சில வயது சின்னவனாக இருப்பான். நான் இந்தியில் வாயைத் திறப்பதற்குள் அவன், “அக்கா, நீங்க தமிழாமே. நானும் தமிழ்தான்க்கா” என்றான். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பமாம். அவன் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருந்தது.

சேர்த்து வைத்திருந்த ஒரு வாக்கியமும் உதவவில்லை. தமிழில் எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“ஏன் நிக்கல?”

“நின்னேன்க்கா. ஹவ், நெசமாத்தான். கொஞ்சம் தள்ளி நின்னேன். கண்ணாடில பாத்தேன். நீங்க கைய ஊணி எழுந்து உக்காந்தீங்க. ஜனம் ஓடி வந்துச்சு. என்னை அடிச்சே கொன்னுடுவாங்கன்னு பயந்து போயிட்டேன்.”

“நான் எழுந்திரிக்கல. அப்படியே கெடந்தேன்.”

“நக்கோக்கா, அப்படிச் சொல்லாதீங்க. நீங்க எழுந்ததப் பாத்துட்டுத்தான் போனேன். இல்லாட்டி போயிருக்க மாட்டேன்.”

எனக்கு நினைவிருப்பது கன்னத்தில் சுட்ட தார் மட்டும். எழுந்து உட்கார்ந்ததாக நினைவே இல்லை. இந்த ஆள் பொய் சொல்கிறானா? நான் மறந்துவிட்டேனா? நான் எழுந்து உட்கார்ந்தேன் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாளும் தூங்கியிருக்கிறான் என்று தோன்றியது. அதை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. பிடுங்கவும் மனம் வரவில்லை. அவன் மனைவி மெதுவாக, “இப்பவும் வலிக்குதாக்கா?” என்றாள்.

“மழை வந்தா வலிக்கும்.”

வக்கீலம்மா தெலுங்கில் என்னிடம் கேட்டார், இவர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று. தண்டனை, மன்னிப்பு என்று ஏதாவது சொல்வேன் என்றுதான் நானே நினைத்தேன். “எங்கே நிறுத்தினாருன்னு வந்து காட்டச் சொல்லுங்க” என்று வாயிலிருந்து வந்தது. கணவர் திரும்பி என்னையே பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் இருவரும் வந்தார்கள். நான் விழுந்த இடம் சாலைக்கு அந்தப் பக்கம். கணவர் கையைப் பிடித்துக் கடந்தேன். அங்கிருந்து ஆட்டோக்காரர் விறுவிறுவென்று நடந்து, மருந்துக்கடை வாசலில் நின்று, “இங்கதான்க்கா” என்றார். நான் கண்ணுக்கெட்டாத தூரம் என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்துவிட்டா போனார் என்று இருந்தது. நின்றாரே, அது பொய்யில்லையே என்றும் இருந்தது.

“இந்த ரோட்டுப் பக்கமே வர்றதில்லக்கா. சுத்திக்கினுதான் போறேன்” என்றார். நான் சமாதானம் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கணவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டார். நான் ஓரத்தில் வழக்கம்போல் உறைந்து நின்றேன். அந்த மனிதர் சாலையில் இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டி வண்டிகளை நிறுத்தினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் கடந்துவிட்டேன். இந்தப் பக்கம் வந்த பிறகுதான் உறைத்தது. என்னைத் தள்ளிவிட்டவரின் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறேன். எனக்கு வந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன், நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. உரிமத்தை நிறுத்தி வைத்ததால் அவர் கொஞ்ச காலம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு, இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறாராம். இதைக் கணவரிடம் சொன்னபோது, “என்ன, அவரு இவருங்கே?” என்றார். எப்போது மாறியது என்று எனக்கும் தெரியவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று மகள் கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை கணவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சாலையைத் தனியாகக் கடந்து பஸ் ஏறினேன்.