அறுநூற்று எழுபத்திரண்டு மணி நேரம்

அரியலூருக்கு வெளியே இருந்த ஒரு சிமெண்ட் ஆலையில் அம்மாவுக்கு லேப் வேலை. சிமெண்டையும் மணலையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, கைக்குள் அடங்கும் கட்டிகளாக வார்த்து, தொட்டியில் ஊறப்போடுவாள். மூன்றாம் நாள் சிலதை, ஏழாம் நாள் சிலதை, இருபத்தெட்டாம் நாள் மீதியை எடுத்து மெஷினில் வைத்து நசுக்குவாள். எவ்வளவு தாங்கிற்று என்று நோட்டில் எழுதுவாள். வேலை அவ்வளவுதான். ஆனால் இருபத்தெட்டு நாள் என்றால் அவளுக்கு அறுநூற்று எழுபத்திரண்டு மணி நேரம். நாலு மணி முன்பின் ஆகலாம், அதற்கு மேல் ஆகாது.

நாங்கள் எங்கே கிளம்பினாலும் அன்றைக்கு ஏதாவது ஒரு கட்டிக்கு நாள் வந்துவிடும். பெரம்பலூருக்கு சர்க்கஸ் வந்தபோது மூன்றாம் நாள் கட்டி. என் பள்ளிக்கூட நாடகத்தன்று ஏழாம் நாள் கட்டி. என் பத்தாவது பிறந்தநாளுக்கு அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுகிறவரை புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

"கட்டி என்ன ஓடியா போயிடும்?" என்று கேட்டேன்.

"ஓடாது. ஆனா நேரம் போகப் போக இறுகிக்கிட்டே இருக்கும்டி" என்றாள்.

மாமா கல்யாணம் கீழப்பழுவூரில். பெண் வீட்டார் இருபதே நாளில் தேதி குறித்துவிட்டார்கள். அந்த நாளில் நசுக்க வேண்டிய கட்டிகள் அதற்கு முன்பே தொட்டிக்குள் போயிருந்தன. மாமாவுக்கு ஒரே அக்கா அம்மா. தாலியில் மாமா முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும்.

"வேற ஆளே இல்லியாக்கா அங்க?" என்று முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் மாமா கேட்டார்.

"ஆள் இருக்கு. இத நான்தான் பாக்கணும். மொத பஸ்ஸுல போயி, எட்டரைக்கெல்லாம் இங்க வந்து நிப்பேன்டா."

விடியும் முன் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டே கிளம்பிவிட்டாள். எட்டரைக்கு என்னை மண்டப வாசலில் நிறுத்தினார்கள். அரியலூர் பஸ் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதிலிருந்து ஒரு கூடையும் அதன் பின்னால் ஒரு கிழவரும் இறங்கினார்கள். உள்ளே கெட்டிமேளம் கேட்டு ஓடினேன். அம்மாவின் பெரியப்பா மகள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மணப்பெண்ணுக்குப் பின்னால் தயாராக நின்றிருந்தாள். மாமா இரண்டு தடவை வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து தாலியைக் கட்டினார். மற்ற இரண்டு முடிச்சும் வேறு கையால் விழுந்தன.

முதல் பந்தி பாதி சாப்பிட்டபோது அம்மா வந்தாள். புடவை முந்தானை நனைந்து, சாம்பல் கறையோடு இருந்தது.

"பஸ் கிடைக்கலடா" என்றாள் மாமாவிடம்.

மூன்று பஸ்ஸை எண்ணியவள் நான். அம்மா பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"பரவால்லக்கா. போயி சாப்புடு" என்றார் மாமா, முகத்தைப் பார்க்காமல். அம்மா கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். நான் போகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் தூங்குவதுபோல் இருந்தேன்.

"எவ்வளவு வந்துச்சு?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இருபத்தொம்போது. முப்பத்தி மூணாச்சும் வரணும். மெஷினையும் சரி பாத்துட்டேன். மூணு கட்டியும் அப்படித்தான் வந்துச்சு."

"ஆபீசருங்க என்ன சொன்னாங்க?"

"முப்பத்தஞ்சுன்னு எழுதச் சொன்னாங்க. மணிக்கணக்கா அதே பேச்சு. நான் போகலன்னா எனக்குப் பதிலா நிக்கிற ஆளு எழுதிருப்பாரு."

"நீ எழுதுனியா?"

"வந்தத எழுதுனேங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆறு மார்க் கூடப் போட்டுவிட்டு வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பாளே!

மாமா அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த மாதமே அம்மாவை லேபிலிருந்து எடுத்து, லாரியில் ஏறும் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் ஆபீஸில் போட்டார்கள். ஒன்பதுக்குப் போய் ஆறுக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை லீவு. தொட்டியும் இல்லை, கட்டியும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் திருச்சிக்குப் போய் மலைக்கோட்டை ஏறினோம். அம்மா பாதிப் படியிலேயே உட்கார்ந்து, கீழே தெரிந்த வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் நல்லா இருக்குல்லம்மா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், அம்மா எனக்காகவே பெரிய ஆபீசரிடம் கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டாள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் இருந்ததில்லை.