பிரசவ அறை மாப்பிள்ளை

எங்கள் பிரசவ அறையின் மூத்த நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் மேஸ்திரி. முதுகுக்குப் பின்னால்தான், நேரில் அக்கா. டாக்டர்களையே அதட்டி வேலை வாங்குகிறவரிடம் வேறெப்படி இருப்பது?

கர்ப்பிணியின் வயிற்றில் பெல்ட்டைக் கட்டினால், குழந்தையின் இதயத் துடிப்பு தாளில் கோடாக ஓடும். அதை அக்கா நடந்துகொண்டே படித்துவிடுவார். அப்படிப்பட்டவர் பக்கத்தில், பழைய கோடுகளை ஆயிரக்கணக்கில் படித்துத் தேறிய கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். குழந்தை நலமென்றால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு காட்டும். அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் சூட்டினார்.

"ஏசி வேணும், தூசி ஆகாது. ஒரு துணி எடுத்துக் குடுக்காது, கருத்து மட்டும் சொல்லும். வேற என்னன்னு கூப்பிடறது?"

இதைச் சொன்னபோது அவருடைய அசல் மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றிருந்தார், பாவம். அக்காவின் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

அன்று மகளின் கோடு முதலில் நன்றாகத்தான் ஏறி இறங்கியது. பிறகு நெளிவே இல்லாமல் தட்டையாகிவிட்டது. ஒவ்வொரு வலிக்குப் பின்னும் ஒரு சரிவு வேறு. கணினி மஞ்சள் காட்டியது.

"குழந்தை தூங்குது," என்றார் அக்கா.

மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். சிவப்பு வந்தது.

"மாப்பிள்ளைக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம்."

"டாக்டரைக் கூப்பிடவா அக்கா?"

"நேத்து வந்தவ நீ. சும்மா இரு."

எனக்குச் சுர்ரென்றது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சாக இருக்கட்டும், அதற்காகக் கண்ணுமா அவிந்துபோகும்? தாளைக் கிழித்தேன். பெயர் இருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினேன்.

"இது பக்கத்துப் படுக்கை அக்கா. பாத்துச் சொல்லுங்க."

ஒரு பார்வைதான் பார்த்தார். "இதை வச்சுக்கிட்டா நின்னுட்டிருக்க? டாக்டரைக் கூப்பிடு. தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லு."

விரலை எடுத்தேன்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த நொடி கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அசல் மாப்பிள்ளையும் மறுபக்கம் பிடித்து ஓடினார். கழுத்தில் கொடி சுற்றி, துவண்டுபோய்ப் பிறந்தது குழந்தை. அது அழுவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

அக்கா பிரசவ அறைக்குத் திரும்பியபோது கண்கள் வீங்கியிருந்தன. நேரே கணினியின் முன்னால் போய் நின்றார்.

"உனக்குப் பொண்ணு இல்ல," என்றார் மெதுவாக. "அதான் கண்ணு நல்லாத் தெரியுது."