இறக்கைக்கு அடியில் ஓர் ஒட்டு

பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குப் பஸ் நினைவு வருவதில்லை. இறக்கை விரித்து நின்ற ஒரு விமானம்தான் வருகிறது. அறுபதுகளின் தொடக்கம். மன்னார்புரத்தில் காதர் பாயின் பஸ் பாடி பட்டறையில் நான் ஸ்ப்ரே பெயிண்டர். உலகப் போரில் பறந்த ஒரு சண்டை விமானத்தைக் கல்லூரி ஒன்றின் மைதானத்தில் மேடைமேல் நிறுத்த ஏற்பாடு. பெயிண்ட் வேலை எங்களுக்கு வந்தது.

“போர்க்காலத்து நிறமே வேண்டும்” என்றது கல்லூரி. மேலே இருந்ததோ பிறகு பூசிய வெள்ளி. வாட்டர் பேப்பரால் தேய்த்தால் அடியில் பச்சையும் மண் நிறமும், வெயில் தின்று வெளுத்தவை. இறக்கையில் உள்ளங்கை அகல மூடி ஒன்றைக் கழற்றினேன். வெயிலே படாத உள்விளிம்பில் அசல் பச்சை, நேற்றுப் பூசியதுபோல. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கலந்தேன். பளபளப்பு கூடாது, மங்கலாக நிற்க வேண்டும். பாய்க்குத்தான் பொறுக்கவில்லை.

“என்னப்பா, கழுவாத எருமை மாதிரி நிக்குது!”

நிறத்தில் அவ்வளவு கவனம். இடது இறக்கையின் அடியில் கோட்டை விட்டேன். அங்கே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் அலுமினிய ஒட்டு. ரிவெட் ஆணி வரிசை கோணல். பஸ்ஸில் பழகிய கை யோசிக்கவில்லை. பள்ளம் மேடு தெரியாமல் நிரப்பும் பட்டியைப் போட்டு, தேய்த்து, மொழுமொழுவென்று ஆக்கி, பெயிண்ட் அடித்துவிட்டது. பாய் தடவிப் பார்த்து, “இதுதான்யா வேலை” என்றார்.

விழாவுக்கு முதல் நாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தார். வரதன் என்று பெயர். போர்க்காலத்தில் இதே விமானத்துக்கு ஃபிட்டராக இருந்தவர். நேரே இடது இறக்கைக்குக் கீழே குனிந்தார். விரல்கள் எதையோ தேடின.

“ஐயோ ரங்கநாதா! இங்கே ஒரு ஒட்டு இருந்ததே, எங்கே?”

“பட்டி போட்டு மூடிட்டேன் சாமி. பஸ்ஸுல அப்படித்தான் செய்வோம்” என்றேன்.

“குண்டு துளைச்ச இடம் அது. ஒட்டுப் போட்டது நான். ரிவெட் கோணல்னு வெள்ளைக்கார ஆபீசர் கத்தினான். மறுநாள் அதே இறக்கையோட பறந்துது.” குரல் இறங்கியது. “நாளைக்கு ஆத்துல எல்லாரையும் அழைச்சுண்டு வரேன்னு சொல்லிட்டேன். எதைக் காட்டறது?”

பட்டி சுரண்டும் ஸ்கிரேப்பரை எடுத்தேன். பாய் ஓடி வந்தார்.

“நாளைக்கு விழாப்பா! முடிஞ்ச வேலையைக் கெடுக்கிறியே!”

“கலருக்கு மூணு நாள் தேடினோமே பாய். இது கண்ணு முன்னாடியே இருந்துச்சு. நான்தான் மறைச்சுட்டேன்.”

பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. பட்டி செதில் செதிலாக உதிர, ரிவெட் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேலே மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்தது. வரதன் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அதன்பின் எந்தப் பள்ளத்தில் பட்டி வைக்கும் முன்பும், அங்கே யார் கை பட்டிருக்கும் என்று ஒரு நொடி நிற்பேன். பாதி நேரம் அது வெறும் பள்ளம்தான். ஆனாலும் நிற்பேன்.

அன்று வரதன் சைக்கிளை எடுத்தபோது பாய் சும்மா விடவில்லை.

“சாமி, அந்த ஆபீசர் சொன்னதுல தப்பில்ல. கோணல்தான்.”

வரதன் பெடலில் கால் வைத்தார்.

“கோணல்தான் பாய். விழலையே! வரட்டுமா?”