சத்தம் கேட்கிற வேலை

ஒரகடத்தில் வைப்பர் மோட்டார் செய்யும் கம்பெனியில் எனக்குச் சத்தம் கேட்கிற வேலை. லைனில் வரும் மோட்டாரை ஓடவிட்டுக் காதால் கேட்க வேண்டும். லேசாகக் கரகரத்தாலும் ரிஜெக்ட். "இந்தம்மா காதுக்கு எதுவும் தப்பாது" என்று சூப்பர்வைசரே சொல்லுவார். தலைகால் புரியாமல் திரிந்தேன்.

வடக்குப்பட்டில் என் வீட்டிலோ, ஐந்து வயது மகள் பிறந்ததிலிருந்து மூச்சு விடும்போதெல்லாம் 'கர் கர்' என்றாள். சளி என்றார்கள், வீசிங் என்றார்கள். கொடுத்த மருந்தையெல்லாம் ஊற்றினேன். இட்லியைப் பாலில் கரைத்தால்தான் இறங்கும். முறுக்கை நக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். கண்ணாமூச்சி ஆட்டத்தில் தெருப் பிள்ளைகள் அவளைத் தேடவே வேண்டாம், சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவார்கள். "எங்கப்பா கொறட்டை மாதிரியே கீது" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் வாழைப்பழத் துண்டு சிக்கிப் பிள்ளை நீலம் பாரித்துவிட்டாள். முதுகில் தட்டியதில் வெளியே வந்து விழுந்தது. உடனே சென்னைக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா விளக்கினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஒன்றாக வளையாமல் இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையம் போட்டு நெரிக்கிறதாம். பிறவிக்கோளாறு, அபூர்வமாகத்தான் வருமாம்.

"ரீவொர்க் பண்ணிடலாமா மேடம்?" என்றேன், பழுதான மோட்டாரைச் சரிசெய்யும் லைன் ஞாபகத்தில்.

"சின்ன கிளைய வெட்டிவிட்டா வளையம் திறந்துடும்மா" என்று சிரித்தார்.

ஆபரேஷன் முடியும்வரை நான் வேண்டாத சாமி இல்லை. வீட்டுக்காரரின் தலைமுடியை அவரைக் கேட்காமலே பெருமாளுக்கு நேர்ந்துவிட்டேன். மொட்டை அவருக்கு நன்றாகவே இருந்தது.

கர் கர் உடனே போகவில்லை, மாதக்கணக்கில் தேய்ந்துதான் நின்றது. நின்ற பிறகு எனக்குத்தான் பயம். தூங்குகிறவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கண்ணாமூச்சி. பிள்ளைகள் தெருவெல்லாம் தேடிவிட்டு என்னிடம் வந்தார்கள்.

"இன்னாக்கா, சத்தமே வரல. எங்க பூட்டா?"

உள்ளே போய், லைனில் நிற்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து 'கடக்' என்றது.

எட்டிப் பார்த்தேன். மடியில் முறுக்கு டப்பா, பாதி காலி. "கத்தாதம்மா, பசங்க வந்துடுவாங்க" என்றாள் வாய் நிறைய.

அவள் அதை மென்று விழுங்கி, அடுத்த 'கடக்' வரும்வரை நின்றேன். பிறகு வாசலுக்கு வந்து பிள்ளைகளிடம், "இங்க இல்லடா, வேற எங்கனா போய்த் தேடுங்க" என்றேன்.